மஞ்சளும் மறதி நோயும்: எலியிடம் பலித்தது மனிதரிடம்?

மஞ்சள்தூள் பொட்டலத்தில் 'மறதி நோய்க்கு மருந்து' என்று அச்சடிக்கலாமா? நம்ம விவசாயிகள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2001-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேருகிற மாதிரியே புரதப் படிவு உண்டாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள். மஞ்சளில் உள்ள குர்குமினை ஆறு மாதம் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். மூளையில் அழற்சி குறைந்தது. பத்து லட்சத்துக்கு 160 பங்கு தின்ற எலிகளுக்குப் படிவும் 43 முதல் 50 சதவீதம் குறைந்தது. 5,000 பங்கு தின்றவற்றுக்குப் படிவு குறையவே இல்லை!

பிறகு அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் 24 வாரம் சோதித்தார்கள். தினமும் 2 அல்லது 4 கிராம் குர்குமின். 2012-ல் வந்த முடிவு: பலன் தெரியவில்லை. ரத்தத்தில் சேர்ந்ததே சொற்பம். எலிகளுக்குப் படிவு தொடங்கும் வயதிலேயே கொடுத்தார்கள். இவர்களுக்கோ நோய் வந்த பிறகு.

கணக்கும் பாருங்க. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 4 கிராமுக்கு தினம் நூறு கிராமுக்கு மேல் தூள் தின்னணும்!

நோய் தீர்க்கும் என்று உணவுப் பொட்டலத்தில் போடுவது சட்டப்படியும் தப்பு. அதை நம்பி ஒருத்தர் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால்? ரகம், ஊர், அறுவடை மாதம், ரசாயனம் போடாதது — நாம் உறுதி சொல்லக்கூடியதை மட்டும் எழுதுவோம். மஞ்சள் குழம்புக்கு நல்லது, அது போதும்.