மூக்கோரப் புண்ணும் மருந்துக்கடை ஆயின்ட்மென்ட்டும்

சளி பிடித்த மூன்றாம் நாளில் மூக்கடைப்பைவிட மூக்கோரத் தோல்தான் அதிகம் படுத்தும். நாசியைச் சுற்றிச் சிவந்து, செதில் செதிலாய் உரிந்து, மேலுதட்டில் வெடிப்பு விட்டு, முகம் கழுவினாலே எரியும். பெரும்பாலும் இது தனி நோயல்ல. துடைத்துத் துடைத்து நாமே உண்டாக்கிக்கொள்ளும் காயம். ஒழுகும் சளியில் தோல் ஊறுகிறது, காய்கிறது, மறுபடி ஊறுகிறது. ஊறிய தோலை முரட்டுத் துண்டாலும் சேலைத் தலைப்பாலும் அழுத்தித் தேய்க்கும்போது, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் மேல்படலம் கிழிந்துபோகிறது. சோப்புப் போட்டால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும்.

இதற்கான வைத்தியம் எளிது. நைந்த பருத்தி வேட்டித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மூக்கோரத்தில் சற்று நேரம் ஒற்றி வையுங்கள். காய்ந்த பொருக்கு ஊறித் தானே கழன்று வரும். நகத்தால் கிள்ள வேண்டாம். தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே, வாசலின் என்று நாம் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லியை, வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, நாசியின் வெளி விளிம்பிலும் மேலுதட்டிலும் மெல்லிசாகப் பூசுங்கள். பகலில் அவ்வப்போது, படுக்கப் போகும் முன் கட்டாயம். அதன் பிறகு மூக்கைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாலே போதும். சளி அடங்க அடங்க ஒரு வாரம் பத்து நாளில் தோலும் தேறிவிடும்.

வீட்டில் வழக்கமாகச் செய்யும் சில காரியங்கள் இந்த நேரத்தில் கெடுதல். சுக்கு உரைத்துப் பற்றுப் போடுவதும் தைலம் தேய்ப்பதும் உரிந்த தோலில் தீயாய் எரியும், புண்ணை ஆழப்படுத்தும். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தடவவே கூடாது. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பாட்டிமார் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைத் தென்னிந்திய மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களும் வாசலினை நாசிக்குள் ஆழமாகத் திணிக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. "மூக்கு புண்ணாயிருக்கு, ஏதாச்சும் ஆயின்ட்மென்ட் குடுங்கண்ணா" என்று மெடிக்கலில் கேட்கிறோம். கடைக்காரர் எட்டி எடுத்து ஒரு டியூபைத் தருகிறார். இரவில் தடவினால் காலையில் சிவப்பு வடிந்து எரிச்சல் அடங்கியிருக்கிறது. 'நல்ல மருந்து' என்று பெயர் வாங்கி அது அலமாரியில் ஏறிவிடுகிறது. அடுத்த சளிக்கு அதே டியூப். மகளுக்குப் பருவா, தம்பிக்கு அரிப்பா, அதே டியூப்.

அப்படித் தரப்படுபவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அமுக்குவதால்தான் ஒரே இரவில் குணமானதுபோல் தெரிகிறது. நிறுத்தியதும் சிவப்பு திரும்பும், மறுபடி தடவத் தோன்றும். முகத்துத் தோல் மெல்லியது. கை கால் தோலைவிட மருந்தைப் பல மடங்கு உறிஞ்சும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து நரம்பு நரம்பாய்த் தெரியும், வாயைச் சுற்றிச் சிறு கட்டிகள் கிளம்பும், முடி வளரும், வெயிலில் முகம் காந்தும். புண்ணுக்குக் காரணம் பூஞ்சையாகவோ அக்கி வைரஸாகவோ இருந்துவிட்டால், ஸ்டீராய்டு அதற்குத் தீனி போடும். மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் என்று சொல்லித் தரும்போது அது நல்ல மருந்துதான். சீட்டில்லாமல், கணக்கில்லாமல் முகத்தில் ஏறுவதுதான் ஆபத்து.

சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டுக் கட்டாயத்திலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தன. தோல் மருத்துவர்களின் சங்கம் விடாமல் குரல் கொடுத்தது. 2018-ல் மத்திய அரசு 14 வகை மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்து விதிகளின் 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பது விதிமீறல்.

ஆகவே டியூபைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தால் அது சீட்டு மருந்து. விற்பனைப் பெயர் பெரிதாக இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் கிடப்பதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாய்க் கலந்த டியூபும் உண்டு. எழுத்து தெரியவில்லை என்றால், "இதுல ஸ்டீராய்டு இருக்கா?" என்று மருந்தாளுநரிடமே கேளுங்கள். அப்படிக் கேட்பது வம்பு பேசுவதாகாது. சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

பில் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் அதில் இருக்கட்டும். 'பில்லெல்லாம் எதுக்குக்கா' என்று சொன்னாலும் விடாதீர்கள். பின்னால் முகம் கெட்டுப்போனால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அந்தத் துண்டுச் சீட்டுதான். கடையின் உரிமம் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி. சீட்டில்லாமல் விற்றதற்கு மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். மருந்தால் பக்கவிளைவு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915. இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

சில அறிகுறிகளுக்கு வாசலினை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டிப் பரவும் புண் பாக்டீரியாத் தொற்று. குழந்தைகளுக்குச் சட்டென்று வரும், பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டும். நாசிக்குள் கட்டி கிளம்பினால் பிதுக்கவே பிதுக்காதீர்கள். அந்தப் பகுதியின் ரத்தக் குழாய்கள் மண்டையோட்டின் உட்புறத்தோடு தொடர்புள்ளவை. தொற்று உள்ளே ஏறினால் உயிருக்கே ஆபத்து. கட்டியோடு காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், கடும் தலைவலி என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாதக்கணக்கில் ஏதோ ஒரு ஆயின்ட்மென்ட்டை முகத்தில் தடவி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதறித் திடீரென நிறுத்த வேண்டாம். சிவப்பும் எரிச்சலும் முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. டியூபைக் குப்பையில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். என்ன மருந்து, எத்தனை மாதம் என்று பார்த்துத்தான் அதை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.