வீட்டுத் தையல் - 9: கண்ணி சாயும் திசை

பனியன் துணியை எடை போட்டு வாங்கியாயிற்று, துவைத்து நிழலில் விரித்துக் காயவும் வைத்தாயிற்று. இடையில் சேர்ந்தவர்கள் போன இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கழுத்துக்கு ரிப் (இழுபடும் பட்டி) வைப்பது என்று சொல்லியிருந்தேன். கத்தரிக்கோலை எடுக்கும் முன் உங்களுக்குக் காட்டியே ஆக வேண்டிய ஒன்று கிடைத்துவிட்டது.

அலமாரியிலிருந்து நன்றாக உழைத்த டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, தோள் இரண்டும் சமமாக இருக்கும்படி தரையில் விரியுங்கள். பக்கத் தையலைப் பாருங்கள். அக்குளில் சரியாக ஓரத்தில் தொடங்கும் தையல், கீழே வர வர ஒருபுறம் வயிற்றுப் பக்கமும் மறுபுறம் முதுகுப் பக்கமும் நகர்ந்திருக்கும். எல்லா டி-ஷர்ட்டிலும் இல்லை. ஆனால் விலை மலிவான பத்து உருப்படியை விரித்தால் சிலவற்றில் நிச்சயம் பார்ப்பீர்கள். தைத்தவர் கோணலாகத் தைத்துவிட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவர் நேராகத்தான் தைத்தார். நூலின் முறுக்கு அதைத் திருப்பிவிட்டது.

பஞ்சு நூலாவதே முறுக்கினால்தான். முறுக்கிய நூல் பிரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு முழம் நூலை விரல்களால் இறுக முறுக்கி, இரண்டு முனைகளையும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தன்னால் சுருண்டு பின்னிக்கொள்ளும். வேட்டியிலும் சேலையிலும் பாவும் ஊடையும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதால் இந்தத் துடிப்பு வெளியே தெரிவதில்லை. பனியன் துணியில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. கண்ணிக்குள் கண்ணி நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாத கண்ணி மெல்லத் திரும்பிக்கொள்ளும். எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் திரும்பினால் மேலிருந்து கீழாக ஓடும் வரிசை முழுவதும் சாய்கிறது. புதுத் துணியை இழுத்து நிமிர்த்தி, ஆவி காட்டி, நேராக்கித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் பட்டதும் நூல் தான் நினைத்த இடத்துக்குப் போய்விடும். சாய்வு 5 டிகிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 அங்குல நீளத்தில் தையல் இரண்டு அங்குலத்துக்கு மேல் நகர்ந்துவிடும்.

திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் இதைக் கேட்டேன். மேசையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்: "மெஷின் சுத்தறப்பவே துணி மாடிப்படி ஏறுதுங்க. நூல் வேற தன் பங்குக்கு முறுக்குது. ரெண்டும் சேந்துக்கிச்சுன்னா நாம வெச்ச தையல் எங்கீங்க நிக்கும்?"

மாடிப்படி என்று அவர் சொன்னதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 அங்குல விட்டமுள்ள வட்ட நிட்டிங் மெஷினில் சாதாரணமாக 90 ஃபீடர் இருக்கும். தொண்ணூறு இடங்களில் நூல் உள்ளே போகிறது. எனவே ஒரு சுற்று முடியும்போது துணி ஒரு வரிசை அல்ல, 90 வரிசை வளர்ந்திருக்கும். குறுக்கு வரிசை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதில்லை. சுற்றி ஏறிக்கொண்டே போகிறது. நூலின் முறுக்குத் திசையையும் மெஷின் சுற்றும் திசையையும் எதிரெதிராக அமைத்துச் சாய்வைக் குறைக்கலாம். ஒரு ஃபீடரில் வலமுறுக்கு நூலும் அடுத்ததில் இடமுறுக்கு நூலும் கொடுக்கலாம். இரட்டைப் புரி நூலும் அடங்கி நிற்கும். எல்லாவற்றுக்கும் செலவு கூடும்.

கண்ணி போடுவதைக் கருவிக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் வில்லியம் லீ, இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமுக்கு அருகே கால்வர்ட்டனில், 1589-இல். காலுறை பின்னுவதற்காகச் செய்தார். முதல் கருவியில் அங்குலத்துக்கு 8 ஊசி. பிறகு பட்டு நூலுக்காக அதை 20 ஆக்கினார். உள்ளூரில் ஆதரவு கிடைக்காமல் பிரான்ஸுக்குப் போய், அங்கேயே இறந்தார். இன்று டி-ஷர்ட் துணி ஓடும் மெஷினில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 ஊசிதான். மின்சாரம் இல்லாத காலத்தில், கையாலும் காலாலும் இயக்கிய மரச்சட்டத்தில் 20! இந்த எண்ணைப் படித்த இடத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இனி நம் வேலை. தொழிற்சாலையில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு, ஓரத்தை ஒட்டியே வெட்டுவார்கள். சாய்ந்த வரிசையைப் பிடித்து வெட்டினால் ஓரங்களில் முக்கோணத் துண்டுகள் வீணாகும். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி ஒரு கிலோ என்றால் ஐந்தரைச் சதுர மீட்டர். ஐந்து டி-ஷர்ட் வர வேண்டிய இடத்தில் நாலு வந்தால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தைக்கிற நமக்கு அந்த நெருக்கடி இல்லை. கடையில் வாங்குவதைவிட நேராக நிற்கும் டி-ஷர்ட்டை நாம் வீட்டிலேயே தைக்க முடியும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

துவைத்த துணியின் குறுக்கு வெட்டு ஓரத்தை அகலவாக்கில் இழுங்கள். எந்தப் பக்கம் சுருள்கிறதோ அதுதான் நல்ல பக்கம். அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் சின்னச் சின்ன 'வி'க்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்குவது தெரியும். நடுவில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதை விட்டு விலகாமல், எடுப்பான நிறத்து நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். அந்த நூல்தான் இனி உங்கள் நேர்கோடு. துணியின் ஓரத்தை நம்பாதீர்கள், கடைக்காரர் மடித்துக் கொடுத்த மடிப்பையும் நம்பாதீர்கள். உருளையாக வந்த துணியானால் ஒரே வரிசையைப் பிடித்து வெட்டித் திறந்த பிறகு மற்ற வேலை. முன்பக்கம், முதுகு, கை என ஒவ்வொன்றின் நடுக்கோடும் ஒரு 'வி' வரிசைமேல் உட்கார வேண்டும். அளவுக்குப் பழைய டி-ஷர்ட்டையே வைத்து வரைகிறீர்கள் என்றால், தையல் திரும்பாததாகப் பார்த்து எடுங்கள்.

ரிப் அடுத்த வாரம். அது ஒரே பகுதியில் அடங்குமா என்பது சந்தேகம்தான். கழுத்துச் சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டுவதற்கே ஒரு பக்கம் வேண்டும். அதற்குள் மெஷினுக்குப் பால்பாயின்ட் ஊசி, 11-ஆம் நம்பர், வாங்கி வையுங்கள். வழக்கமான கூர் ஊசி நூலைக் குத்தி அறுக்கும். அறுந்த கண்ணி ஏணிபோலக் கீழே ஓடிவிடும். பால்பாயின்ட்டின் முனை உருண்டையானது, நூலை ஒதுக்கிவிட்டு இடைவெளியில் இறங்கும். மாட்டியதும் வெட்டி மிஞ்சிய துண்டில் நாலு கோடு தைத்து, நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய கால்மெஷின் என்றால், பாலியஸ்டர் நூல் போட்டு, தைக்கும்போது ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை லேசாக இழுத்துப் பிடியுங்கள். ஜிக்ஜாக் இருந்தால் மிகக் குறுகலாக வையுங்கள். இழுத்தும் தையல் விடாத துண்டை எடுத்து வையுங்கள், கழுத்துக்கும் அதே தையல்தான் வரப்போகிறது.

(தொடரும்)