காற்றாலை நம்ம கரிசலில்... கரண்ட் பில் ஏன் குறையவில்லை?

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் தாண்டினால் எப்போதும்வென்றான். சாலையின் இருபுறமும் கரிசல் காடு. அந்தக் காட்டுக்கு மேலே காற்றாலை இறக்கைகள். ஆங்காங்கே சோலார் தகடுகள். தெற்கே தூத்துக்குடி கடற்கரையில் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளுடன் கட்டப்பட்ட அனல்மின் நிலையம். இத்தனை மின்சாரம் உற்பத்தியாகும் பகுதியில் வாழும் மானாவாரி விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நம்ம ஊரில் உற்பத்தியாகும் கரண்டுக்கு நாம் ஏன் மற்றவர்கள் கட்டும் அதே கட்டணத்தைக் கட்ட வேண்டும்?"

நியாயமான கேள்வி. பதிலைத் தெரிந்துகொண்டால், நம் கையில் என்ன இருக்கிறது என்பதும் புரியும்.

1986-ல் தொடங்கிய கதை

நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-ல் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. அப்போது நிறுவப்பட்டவை 55 கிலோவாட் திறன் கொண்ட சிறிய காற்றாலைகள். இன்று ஒரே காற்றாலை 2,000 கிலோவாட்டுக்கும் மேல் தருகிறது. கயத்தாறில் மத்திய அரசின் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் காற்றாலை ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. தமிழகத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் நம் பகுதிக்கு மூலதனம். வைகாசியில் எழும்பும் காற்று ஆனி, ஆடியில் உச்சத்துக்குப் போகும். புரட்டாசியில் நாம் விதைப்புக்குத் தயாராகும்போது காற்று ஓய்ந்துவிடும். சூரிய மின்சாரத்துக்கு மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். ஆனால் பொழுது சாய்ந்தால் அதுவும் நின்றுவிடும்.

பில் குறையாததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. காற்றாலையில் உற்பத்தியாகும் மின்சாரம் நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. துணைமின் நிலையம் வழியாக மாநிலத் தொகுப்பில் சேர்கிறது. இரவு ஏழு மணிக்கு நாம் விளக்கு போடும்போது, அனல், அணு, நீர், வெளிச்சந்தையில் வாங்கியது என எல்லாம் கலந்துதான் வருகிறது. கம்பி, மின்மாற்றி, இழப்பு, கடனுக்கான வட்டி ஆகியவையும் கணக்கில் ஏறுகின்றன. இவற்றை எல்லாம் கூட்டி, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாநிலம் முழுவதற்கும் ஒரே வீட்டுக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. சென்னை அண்ணாநகருக்கும் எப்போதும்வென்றானுக்கும் ஒரே விலை.

வாங்கும் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் நிலையத்தின் மின்சாரத்துக்கு ஒப்பந்த விலை யூனிட்டுக்கு ரூ.7.01. அடுத்த ஆண்டு நடந்த தமிழக ஏலத்தில் விலை ரூ.3.47-க்கு இறங்கியது. பழைய ஒப்பந்தங்களின் சுமை 25 ஆண்டுகள் வரை தொடரும்.

உங்கள் பில்லைப் படியுங்கள்

2024 ஜூலையில் அமலுக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு வீட்டு இணைப்பில் நீங்கள் கட்டுவது:

* 500 யூனிட்டுக்குள் என்றால்: முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30.

* 500-ஐத் தாண்டினால்: முதல் 100 இலவசம் என்பது தொடரும். ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70 ஆகிவிடும். 401 முதல் 500 வரை ரூ.6.30. அதற்குமேல் 600 வரை ரூ.8.40.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805. 510 யூனிட் ஓடினால் ரூ.2,124. கூடுதலாக எரித்தது 10 யூனிட். கூடுதலாகக் கட்டுவது ரூ.319. பாதி விலைச் சலுகை போய்விடுவதுதான் காரணம். ஆகவே ஐம்பதாவது நாளில் மீட்டரைப் பார்த்து, அட்டையில் உள்ள பழைய ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். 450-ஐ நெருங்கிவிட்டால் மீதி நாட்களில் கவனமாக இருக்கலாம்.

எங்கே குறைக்கலாம்? பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்தான். அதே நேரத்துக்கு சுமார் 22 யூனிட். வீட்டில் இரண்டு ஃபேனை மாற்றினாலே 64 யூனிட் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: தோட்டத்து இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கோ கடைக்கோ ஒயர் இழுக்காதீர்கள். முறைகேடான பயன்பாடு என்று கணக்கிட்டு அபராதத்துடன் கேட்பார்கள்.

கூரை மேல் சோலார்: யாருக்கு லாபம்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட்.

விற்க வருபவர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு, உங்கள் பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டில் 150 யூனிட்தான் ஓடுகிறது என்றால் பில்லே ரூ.118-க்குள். உங்களுக்கு சோலார் தேவையில்லை. அந்தப் பணத்தில் விதையும் உரமும் வாங்கலாம். 400 யூனிட் ஓடும் வீட்டில் பில் ரூ.1,175. ஒரு கிலோவாட் போட்டால் அது ரூ.141 ஆகும், ஆண்டுக்கு ரூ.6,200 அளவுக்கு மிச்சம். 600 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு ரூ.17,000 வரை மிச்சமாகும். கைக்காசு எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதை இதிலிருந்து நீங்களே கணக்கிடலாம்.

தோட்டம் உள்ளவர்களுக்கு வேறு வழி உண்டு. கிணறோ போரோ இருந்தும் மின் இணைப்பு கிடைக்காதவர்கள், வேளாண் பொறியியல் துறை வழியாக சோலார் பம்புசெட்டுக்கு 60 சதவீத மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மானாவாரிக்கு என்ன பங்கு?

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1989-91 மு.கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் ஆனது. பெரிய உதவிதான். ஆனால் அது நிலத்தடி நீர் உள்ளவருக்கே போய்ச் சேர்கிறது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, கம்பு, மல்லி என்று வானம் பார்த்துப் பயிர் செய்யும் கரிசல்காரருக்குப் பம்புசெட்டே இல்லை. இலவச மின்சாரமும் இல்லை. அவரிடம் இருப்பது நிலம், காற்று, வெயில். அவருக்குப் பங்கு கிடைப்பதென்றால் இவற்றின் வழியாகத்தான் கிடைக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தமிழகத்திலேயே உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. சொந்தச் சேமிப்பு ரூ.40 லட்சம், மீதி வங்கிக் கடன். தங்கள் ஊரில் போதிய காற்று இல்லாததால் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். ஊராட்சியின் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து வருமானம் பார்த்தார்கள். காற்று இல்லாத ஊரே இதைச் செய்தது என்றால், காற்று வீசும் ஊராட்சிகள் யோசிக்க வேண்டாமா?

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் அருகே கடலில் 20 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்கு போட்ட கூட்டுறவுக்குச் சொந்தம். நம்மிடம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உள்ளன. பி.எம்.-குசும் திட்டத்தின் 'அ' பிரிவில், துணைமின் நிலையத்திலிருந்து 5 கி.மீ.க்குள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் நிலையம் அமைக்க விவசாயிகளும், கூட்டுறவுகளும், ஊராட்சிகளும் தகுதி பெற்றவர்கள். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் போதும். உங்கள் துணைமின் நிலையம் பட்டியலில் இருக்கிறதா என்று மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

குத்தகைக்குக் கேட்டு வந்தால்...

நிலம் கேட்டு வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. விற்பனையா, குத்தகையா? பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

2. 25, 30 ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எத்தனை சதவீதம் உயரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைய வாடகை பத்து ஆண்டு கழித்து டீச்செலவுக்குத்தான் ஆகும்.

3. கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதனால் அடித்தளத்தை ஆழமாக இறக்கிக் கான்கிரீட் போடுவார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்தக் கான்கிரீட்டைத் தோண்டி எடுப்பது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் நிலம் திரும்பி வந்தாலும் ஏர் இறங்காது.

4. ஓடை, வண்டிப்பாதை, குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? உங்கள் நிலத்தை வேலி போட்டு அடைத்தால் பக்கத்துக் காட்டுக்காரர் எப்படிப் போவார்?

5. உயரழுத்த மின்பாதை போனால் இழப்பீடு உண்டு. மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள பாதைக்கு 30 சதவீதம் என்கிறது. உங்கள் வழக்கில் எந்த விகிதம் பொருந்தும் என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, பயிர் இழப்பையும் சேர்த்து மனு கொடுங்கள்.

பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை என்றால், வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

எங்கே பேசுவது?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ஊராட்சி எல்லையில் எத்தனை காற்றாலை, எத்தனை ஏக்கர் சோலார், அதனால் ஊராட்சிக்கு வருவது எவ்வளவு என்ற கேள்வியைத் தீர்மானமாகவே வையுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுப்பலாம். மின்தடை, மீட்டர், பில் புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதையும் மருந்தும் பற்றிச் சொல்லப் போகும் ஊரில், குத்தகைப் பத்திரம் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள். ஒரு பருவத்தில் உளுந்து பொய்த்தால் அடுத்த புரட்டாசியில் ஈடுகட்டலாம். முப்பது ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்ட நிலத்தில் அந்த வாய்ப்பு இருக்காது.