பதினாறு கட்டத்தில் இந்தோளம்

குரூவ்பாக்ஸ் என்பது மூன்று கருவிகளை ஒரே பெட்டிக்குள் அடக்கிய மின்னணு வாத்தியம். தாள ஒலி எழுப்பும் டிரம் மெஷின் ஒன்று. சுரம் எழுப்பும் சிந்தசைசர் மற்றொன்று. எந்த ஒலி எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சர் மூன்றாவது. கணினியும் வேண்டாம், ஒலிப்பதிவுக் கூடமும் வேண்டாம். மின்சாரமும் ஒரு ஹெட்போனும் இருந்தால் போதும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1996-இல் எம்சி-303 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் இந்தப் பெயர் பரவியது. வேலைமுறை அதைவிடப் பழையது. அதே நிறுவனத்தின் டிஆர்-808 (1980), டிபி-303 (1981) என்ற இரண்டு தனிப்பெட்டிகளை ஒரு கம்பியால் இணைத்தால் கிடைப்பதும் குரூவ்பாக்ஸ்தான். அந்த இணைப்பின் மேல் இந்துஸ்தானி ராகங்களை வாசித்து, 1982-இலேயே பம்பாயிலிருந்து ஓர் இசைத்தட்டு வந்துவிட்டது.

இந்தக் கருவிகள் காலத்தைக் கட்டங்களாக வெட்டுகின்றன. வழக்கமான அளவு 16 கட்டம். நிமிடத்துக்கு 120 அடி என்று வேகம் வைத்தால் ஓர் அடிக்கு அரை விநாடி. அடிக்கு நான்கு கட்டம் என்பதால் ஒரு கட்டத்துக்கு விநாடியில் எட்டில் ஒரு பங்கு. 16 கட்டமும் ஓடி முடிய இரண்டு விநாடி. டிஆர்-808-இன் முகப்பில் 16 பொத்தான்கள் நான்கு நான்காகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை நிறங்களில் வரிசையாக இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டத்தில் ஒலி விழும். மறுபடி அழுத்தினால் நீங்கிவிடும். கையில் தாளம் போடத் தெரிந்தவருக்கு இது புதிய கணக்கே இல்லை. ஒரு நிறம் ஓர் அட்சரம். அதற்குள் தகதிமி என்று நான்கு மாத்திரை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு 32 கட்டம் வேண்டும் என்பதால், இரண்டு 16 கட்ட வரிசைகளை, அதாவது பேட்டர்ன்களை, அடுத்தடுத்து ஓடவிட்டால் ஓர் ஆவர்த்தனம் ஆகிவிடும். முதல் பேட்டர்ன் லகு. அடுத்தது இரண்டு திருதங்கள்.

தாளம் எழுதிப் பழக எளிய தொடக்கம் டிஸ்கோ. கிக் எனப்படும் ஆழ்ந்த ஒலி 1, 5, 9, 13-ஆம் கட்டங்களில். ஸ்நேர் அல்லது கைதட்டல் ஒலி 5-இலும் 13-இலும். ஹை-ஹேட் 3, 7, 11, 15-இல். இவ்வளவோடு ஓடவிட்டால் யாருக்கும் தலை ஆடும். கொஞ்ச நேரத்தில் சலித்தும்விடும். சலிப்பைப் போக்க மேலும் ஒலிகளைக் கொட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அதில் பெரும்பாலும் இரைச்சல்தான் மிஞ்சும். இருக்கிற ஒலி ஒன்றை நகர்த்துவதோ எடுத்துவிடுவதோ நன்றாக வேலை செய்யும். 13-இல் இருக்கும் கிக்கை 12-க்குத் தள்ளினால் தாளம் கால் அடி முந்திக்கொண்டு விழுகிறது. அடுத்து வரும் வெறுமையே ஆட்டத்தைக் கூட்டுகிறது. சில கட்டங்களுக்கு மட்டும் அழுத்தம் கொடுக்கும் வசதியும் 808-இலேயே உண்டு. ஒரே ஹை-ஹேட் வரிசையில் மூன்றாவது கட்டம் ஓங்கி, மற்றவை அடங்கி ஒலித்தால் இயந்திரத்துக்குக் கை முளைத்தது போலிருக்கும்.

நம் ஊர்த் தாளங்கள் எல்லாம் நாலு நாலாக அடங்குவதில்லை. தப்பாங்குத்து பெரும்பாலும் தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். அதை 16 கட்டத்தில் திணித்தால் நொண்டும். பேட்டர்னின் நீளத்தை 12 கட்டமாகக் குறைத்து, அடிக்கு மூன்று கட்டம் என்று மாற்றிவிட்டால் திஸ்ர நடை சரியாக உட்காரும். மிஸ்ர சாபுவுக்கு 14 கட்டம் வைத்து, தகிட தகதிமியின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இரண்டு கட்டம் ஒதுக்கலாம். கண்ட சாபுவுக்கு 10. ஸ்விங் என்ற திருகு வேறு வேலை செய்கிறது: இரட்டைப்படைக் கட்டங்களை மட்டும் மயிரிழை தாமதிக்க வைக்கிறது. கூடத் திருப்பினால் சதுஸ்ரம் மெல்லத் திஸ்ரத்தின் பக்கம் சாயும்.

மெட்டு எழுதுவதும் அதே கட்டங்களில்தான். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுரம் சேர்கிறது. டிபி-303-இல் இது விசித்திரமான முறையில் நடந்தது. முதலில் சுரங்களை மட்டும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். பிறகு மற்றொரு சுற்றில், எந்தக் கட்டத்தில் சுரம் ஒலிக்கும், எதில் நீளும், எதில் மௌனம் என்று காலக்கணக்கைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பேஸ் கிதாருக்கு மாற்றாக விற்கப்பட்ட பெட்டி அது. கிதார்போல ஒலிக்கவும் இல்லை, பழகவும் கடினம். 1984-இல் உற்பத்தி நின்றது. பழைய விலைக்குக் கீழே கைமாறிய அந்தப் பெட்டிகளில் ஒன்றை வைத்து, சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987-இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' இசைத்தட்டிலிருந்து ஒரு புதிய நடன இசையே கிளம்பியது.

அதற்கு ஐந்தாண்டு முன்பு வந்த பம்பாய் இசைத்தட்டுக்குப் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் சரண்ஜித் சிங். திரையிசைக் குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்துவந்தவர். 808-இல் தாளம், 303-இல் திரும்பத் திரும்ப வரும் கீழ்ஸ்தாயி வரிசை, ஜூபிடர்-8 சிந்தசைசரில் கையால் ராகம் என்று அமைத்துக்கொண்டார். பைரவ், லலித், பூபாளி, யமன், மால்கௌன்ஸ் எனப் பத்து ராகங்கள். தட்டு விற்கவில்லை. டச்சு சேகரிப்பாளர் எடோ பௌமன் 2002-இல் டெல்லியில் கண்டெடுத்து, 2010-இல் மறுவெளியீடு செய்த பிறகே உலகம் கேட்டது. சிகாகோ இசையைச் சிங்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதினார்கள், அது மிகை. ஒரே கருவி இருவர் கையில் ஒரே பக்கம் இழுத்தது என்பதே பொருத்தம். சிங் 2015-இல் மும்பையில் காலமானார்.

அவர் முயற்சி ஏன் பொருந்தியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேற்கத்தியப் பாட்டில் கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், மாறிக்கொண்டே இருக்கும். 16 கட்டத்துக்குள் சுற்றும் வரிசை அதற்கு ஈடுகொடுக்காது. ராகமோ ஒரே ஆதார சுருதியில் நிற்பது. பெட்டி விடாமல் வாசிக்கும் வரிசை, தாளத்தோடு அசையும் தம்புராவாக அமைந்துவிடுகிறது.

இன்றைய குரூவ்பாக்ஸ்களில் ஸ்கேல் என்ற வசதி உண்டு. ஒரு ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் அதில் இல்லாத சுரம் பொத்தானிலேயே வராது. பட்டியலில் இந்திய ராகப் பெயர்கள் அரிது. ஆனால் மேஜர் பென்டடானிக் என்று இருப்பது மோகனத்தின் ஐந்து சுரங்கள்தான், மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. இந்தோளம் வேண்டுமானால் கிரக பேதம் கைகொடுக்கும். மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்தோளம் பிறக்கும். அதாவது, பெட்டியை சி-இல் தொடங்கும் மேஜர் பென்டடானிக்கில் நிறுத்தி, 303 பாணிக் கீழ்ஸ்தாயி வரிசையை இ-இலேயே நிலைக்க வைத்தால் போதும். சுரங்கள் மாறவில்லை, நிலைகொள்ளும் இடம் மாறியது, ராகம் மாறிவிட்டது. ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் மத்தியமாவதி, பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி. நான்கு பேட்டர்ன்களில் நான்கையும் எழுதி அடுத்தடுத்து ஓடவிடலாம்.

கமகத்தில் மட்டும் பெட்டி கைவிரிக்கும். 303-இல் ஸ்லைடு உண்டு; ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும், ஜாரு போல. ஆனால் தூரம் அரைச் சுரமானாலும் ஒரு ஸ்தாயியானாலும் அதே நேரத்தில்தான் வழுக்கும். தோடியின் காந்தாரம் போல ஆடிக்கொண்டே நிற்கும் சுரம் கட்டத்துக்குள் அடங்காது. அதனால் அதிகம் அசையாத ராகங்களே இந்தக் கருவிக்கு ஏற்றவை. சிங் செய்ததுபோல் வரிசையைப் பெட்டிக்கும் அசைவைக் கைக்கும் பிரித்துக் கொடுப்பது இன்னும் நல்லது.

1983-இல் மிடி என்ற பொது இணைப்பு மொழி வந்தது. அடிக்கு 24 துடிப்பு என்ற கணக்கில், எந்த நிறுவனக் கருவியும் மற்றொன்றோடு ஒரே காலப்பிரமாணத்தில் ஓட வழி பிறந்தது. தமிழ்த் திரையிசையில் சீக்வென்சர் பேச்சு வரும்போதெல்லாம் இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986) பெயர் அடிபடும். 'ரோஜா' (1992) வந்த பிறகு கோடம்பாக்கத்தில் சீக்வென்சரில் எழுதுவது தினசரி வேலையாகிவிட்டது. மேட்டூர், சேலம், நாமக்கல் பக்கத்து ஆடிப் பண்டிகை மேடைகளுக்கு வந்து சேர்ந்ததோ ரிதம் பேட். ரோலண்டின் ஆக்டபேட் 1985-இல் வெளியானது. அதன் வழிவந்த பேடுகளில் ஒரே ஆள் தபலா, டோலக், டிரம்ஸ் எல்லாவற்றையும் குச்சியால் வாசிக்கிறார். பேட் ஒவ்வோர் அடிக்கும் ஆள் கேட்கும். குரூவ்பாக்ஸ் ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் மிடி கம்பியால் கோத்தால், பெட்டி நடையைத் தாங்க, பேட்காரர் தீர்மானங்களை மட்டும் வாசிக்கலாம். மெல்லிசைக் குழுக்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

பெட்டியில் இருக்கும் ஒலிகளோடு நிற்கவும் வேண்டியதில்லை. சாம்பிளிங் வசதி உள்ள கருவியில் கோயில் வாசலில் பதிந்த பம்பையின் ஓர் அடியை ஏற்றிக் கட்டங்களில் வைக்கலாம். சுவீடனின் எலக்ட்ரான் நிறுவனம் 2001-இல் மெஷின்டிரம் கருவியில் கொண்டுவந்த முறைப்படி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒலியின் சுருதி, நீளம், கூர்மை ஆகியவற்றைத் தனித்தனியே பூட்டவும் முடியும். அப்போது அந்த ஓர் அடியே ஒரு கட்டத்தில் தாழ்ந்து உறுமியாகவும், அடுத்ததில் ஏறிக் கஞ்சிராவாகவும் கேட்கும்.

மேடையில் வாசிப்பதென்றால் வேலை பெரும்பாலும் மூடித் திறப்பதுதான். தாளம், கீழ்ஸ்தாயி, மெட்டு என்று ஒவ்வொன்றும் தனித் தடத்தில் ஓடும். வாசிப்பவர் கிக்கை எடுத்துவிட்டுச் சில சுற்று காத்திருந்து திரும்ப விடுவார். தடங்களின் நீளத்தைச் சமமாக வைக்காமல் விடுவது மற்றோர் உத்தி. தாளம் 16 கட்டத்திலும் மெட்டு 14 கட்டத்திலும் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் மெட்டு இரண்டு கட்டம் முந்திக்கொண்டு வேறு அடியில் தொடங்கும். 112 கட்டம் ஓடிய பிறகு, 120 அடி வேகத்தில் 14 விநாடி கழித்து, இரண்டும் மறுபடி ஒரே சமத்தில் இறங்கும்.