டிராக்டர் என்ஜின் 'மிஸ்' அடிக்கிறதா?
கழற்றும் முன் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

புரட்டாசி பிறந்துவிட்டால் சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் வட்டாரக் கரிசல் நிலங்களில் உழவுக்கும் விதைப்புக்கும் அவசரம் தொடங்கிவிடும். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 800 மில்லி மீட்டர் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் மழை பிடிக்கும் முன்பே, செப்டம்பர் மாதத்தில் விதைத்துவிட வேண்டும் என்பது கரிசல் சீமைக்குரிய பரிந்துரை. மழை விழுந்து கரிசல் மண் சேறாகிவிட்டால் பிறகு பல நாட்களுக்கு டிராக்டர் நிலத்தில் இறங்க முடியாது.

இந்த நேரத்தில் ஒரு டிராக்டர் நின்றுபோனால் அதன் சொந்தக்காரருக்கு மட்டும் நஷ்டமல்ல. அதை வாடகைக்கு நம்பியிருக்கும் பத்துப் பதினைந்து சிறு விவசாயிகளின் விதைப்பும் தள்ளிப்போகிறது. என்ஜின் 'மிஸ்' அடிக்கத் தொடங்கியதும் டீசல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் டாங்கு மூடியில் இருந்த துவாரம் அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று தெரிய வந்தால் எப்படி இருக்கும்? செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ள சோதனை கடைசியில் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால் இந்த வீண் அலைச்சல் இராது.

'மிஸ்' அடிப்பது என்றால் என்ன?

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினுக்கு உள்ளது போன்ற பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்த அமுக்கத்தால் காற்றின் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகிறது. சரியான அந்த நொடியில் நாசில் டீசலைப் பனிபோலத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆக, வேண்டியவை மூன்று: போதிய காற்று, நல்ல அமுக்கம், நேரம் தவறாமல் பொடித்துளியாக வரும் டீசல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டரில் தீப்பிடிக்காது. அல்லது அரைகுறையாகப் பிடிக்கும். மூன்று சிலிண்டர் என்ஜினில் ஒன்று வேலை செய்யாவிட்டால், நையாண்டி மேளத்தில் ஒரு அடி விட்டு விட்டு விழுவதுபோல் சத்தம் நொண்டும். வண்டி நடுங்கும். இழுவை குறையும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலையும் கெடுத்துவிடும். ஆகவே, 'எப்படியாவது இந்த இரண்டு ஏக்கரை முடித்துவிடுவோம்' என்று மிஸ் அடிக்கும் என்ஜினை ஓட்டுவது லாபமாகாது.

முதலில் காதும் கண்ணும்

ஸ்பானரை எடுக்கும் முன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எப்போது மிஸ் அடிக்கிறது? எந்த நிறத்தில் புகை வருகிறது?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் நொண்டி, சூடேறியதும் சரியாகிவிட்டால் அமுக்கக் குறைவையோ நாசில் ஒழுகுவதையோ சந்தேகிக்கலாம். நின்ற நிலையில் ஓடும்போது ஒரே சீராக நொண்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு. ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கி ஓடினால் டீசலில் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது. இருபது நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திணறினால் டீசல் வரத்து அடைபடுகிறது. நின்ற நிலையில் நன்றாக ஓடி, கலப்பையை இறக்கியதும் திணறினால் காற்றோ டீசலோ போதவில்லை.

புகையும் பேசும். வெள்ளைப் புகை எரியாத டீசலைக் காட்டும். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று கொள்ளலாம். கறுப்புப் புகை, டீசல் கூடுதல் அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை, என்ஜின் ஆயில் எரிகிறது.

வரிசையாகச் செய்ய வேண்டிய சோதனைகள்

1. டாங்கு: என்ஜின் திணறும்போது டாங்கு மூடியைச் சற்றுத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், என்ஜின் தெளிந்து ஓடினால் மூடியின் துவாரம் அடைத்திருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் வேலை இது. அடுத்து டாங்கின் அடியிலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே வேலை முடிந்து நிறுத்தும்போது டாங்கை நிரப்பி வைப்பது நல்லது.

2. பில்டர்: பில்டர் கிண்ணத்தில் தங்கிய தண்ணீரை அடித்திருகைத் திறந்து வெளியேற்றுங்கள். பிறகு பில்டரின் மேல்திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்போது திருகை இறுக்க வேண்டும். டீசல் பம்பில் உள்ள திருகிலும் அப்படியே காற்றை எடுக்க வேண்டும். இதன் பிறகும் மறுநாளே காற்றுப் பிடித்தால் டாங்குக்கும் பம்புக்கும் இடையே எங்கோ குழாயோ வாஷரோ காற்றை உறிஞ்சுகிறது.

3. ஏர் கிளீனர்: கரிசல் புழுதியில் ஒரு நாள் உழவே ஏர் கிளீனரைத் திணறடித்துவிடும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையில் எண்ணெய் குறி அளவு இருக்கிறதா, சேறாகிவிட்டதா என்று தினமும் பார்க்க வேண்டும். காகித வகையைக் கையேட்டில் சொன்னபடி மாற்ற வேண்டும்.

4. எந்தச் சிலிண்டர்?: இதுதான் முக்கியமான சோதனை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், புகைக்குழாய் மேனிபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயருகிலும் விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வேலை செய்யும் சிலிண்டர்களின் வாயில் சொட்டு சட்டென்று சுண்டும். சுண்டாமல் நிற்கும் இடமே கோளாறுள்ள சிலிண்டர். நன்றாகச் சூடேறிய இரும்பில் தண்ணீரை ஊற்றினால் வெடிப்பு விழும். ஆகையால் சொட்டுக்கு மேல் கூடாது.

சாதாரண டீசல் பம்பு உள்ள பழைய டிராக்டர்களில் மெக்கானிக்குகள் இன்னொரு முறையைக் கையாள்வார்கள். என்ஜின் மெதுவாக ஓடும்போது நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, உடனே இறுக்குவார்கள். தளர்த்தியதும் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் நல்லது. சத்தத்தில் மாறுதலே இல்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நட்டைச் சுற்றித் துணி போட்டுக்கொள்ள வேண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது சிறு காயம்போல் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆபத்து. முகத்தையும் கையையும் அதன் எதிரே காட்டக் கூடாது.

5. நாசிலா, அமுக்கமா?: கோளாறுள்ள சிலிண்டரின் நாசிலை நல்ல சிலிண்டரின் நாசிலோடு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். மிஸ் அடிப்பது நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசிலைச் சரிசெய்தால் போதும். அதே சிலிண்டரிலேயே நின்றால் டாப்பெட் இடைவெளி, வால்வு, ஹெட் பேக்கிங், பிஸ்டன் ரிங் இவற்றைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் இடைவிடாது குமிழி வந்தால் ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று கொள்ளலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் டீசல் பம்பின் மேல் கை வைக்க வேண்டும்.

கிணற்று மேட்டில் உள்ள ஒற்றைச் சிலிண்டர் ஆயில் என்ஜினுக்கு நான்காவது சோதனை தேவையில்லை. என்ஜினைக் கையால் சுற்றும்போது நாசிலில் 'கிர்க்' என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டீசல் வரவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது.

டர்போ உள்ள என்ஜின்

வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரத்தால் சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது டர்போ. இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் அந்தத் தண்டு என்ஜின் ஆயிலில் மிதந்துகொண்டுதான் ஓடுகிறது.

பழைய டிராக்டரில் டர்போவைப் பொருத்தி, டீசல் பம்பையும் 'கூட்டி வைத்து' இழுவையை அதிகப்படுத்தும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அப்படி மாற்றிய வண்டி மிஸ் அடித்தால் பழி முழுவதும் டர்போவின் மேல் விழுகிறது. இது பெரும்பாலும் தவறு. நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது டர்போ அநேகமாகக் காற்றையே கூட்டுவதில்லை. ஆகவே அந்த நிலையில் மிஸ் அடித்தால் மேலே சொன்ன ஐந்து சோதனைகளையே செய்ய வேண்டும்.

சுமை ஏறும்போது மட்டும் கறுப்புப் புகையோடு திணறினால் டர்போ வழியைப் பாருங்கள். டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கலாம், குழாய் கீறியிருக்கலாம். சோப்புத் தண்ணீர் தடவினால் சுமை ஏறும்போது நுரை வரும் இடம் காட்டிக்கொடுக்கும். என்ஜினை நிறுத்தி ஆறவைத்த பின் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். உறைக்குள் உராய்ந்தால் தண்டு தேய்ந்துவிட்டது. இவை இரண்டும் நன்றாக இருந்தால், பம்பைக் கூட்டி வைத்ததே காரணம். அதைப் பழைய அளவுக்கு இறக்குவதே மருந்து. இருக்கிற காற்றுக்கு மேல் டீசல் கொடுப்பது, அடுப்பில் காற்றுக்கு வழியில்லாமல் விறகைத் திணிப்பது போன்றது, புகைதான் கூடும். பிஸ்டனும் உருகும். மேலும், தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டர்போ வண்டியை வேலை முடிந்ததும் உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள்.

50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்துள்ளது. இவற்றில் 'காமன் ரெயில்' முறை பயன்படுகிறது. இவ்வகையில் குழாய் நட்டை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. அமுக்கம் ஆயிரம் 'பார்' அளவையும் தாண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கருவி வைத்துப் பார்க்கும் பட்டறைக்கே கொண்டு போக வேண்டும்.

பட்டாசு ஷெட்டுகளின் அருகே

நம் வட்டாரத்துக்கு இன்னொரு கவலை உண்டு. பல புஞ்சைகளின் வரப்பை ஒட்டியே பட்டாசு ஆலைகளின் ஷெட்டுகளும் காயப்போடும் களங்களும் இருக்கின்றன. மிஸ் அடிக்கும் என்ஜினில் எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படிகின்றன. திடீரென்று சுமை ஏறும்போது அந்தக் கரி கனன்று பொறியாகப் பறக்கும். உள்ளே வேலை செய்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். ஆகையால் மூன்று விதிகளைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். மிஸ் அடிக்கும் வண்டியை அந்தப் பக்கத்து நிலங்களில் இறக்கவே கூடாது. மேலே சொன்ன சோதனைகளையும் அங்கே வைத்துச் செய்யக் கூடாது. அந்த நிலங்களை உழும் வண்டியின் சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் பொருத்த வேண்டும்.

ஆடி மாதத்திலேயே ஒரு நாள் ஒதுக்கி, டாங்கு முதல் டாப்பெட் வரை பார்த்து வைத்தால் புரட்டாசியில் தவிக்க வேண்டியதில்லை. அப்படியும் வண்டி நின்றுவிட்டால் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டரை 'உழவன்' செயலி மூலம் பதிவு செய்து பெறலாம். மெக்கானிக்கிடம் போகும்போது, "வண்டி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "இரண்டாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை, டீசலில் தண்ணீர் இல்லை, காற்றும் எடுத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அவருடைய நேரமும் மிச்சமாகும், உங்கள் பணமும் மிச்சமாகும்.