100 அடி உயரத்தில் சாய்ந்த விமானம்: நடிகை சவுந்தர்யாவின் கடைசிப் பயணம்

2004-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, சனிக்கிழமை. காலை மணி 11 தாண்டியிருந்தது. பெங்களூர் ஜக்கூர் விமானத்தளத்தில் இருந்து ஒரு குட்டி விமானம் கிளம்பியது. உள்ளே நடிகை சவுந்தர்யா, உடன்பிறந்த சகோதரர் அமர்நாத், கட்சிக்காரர் ஒருவர், விமானி. ஆக 4 பேர்.

ஆந்திராவில் அப்போது தேர்தல் நேரம். கரீம்நகரில் பா.ஜனதாவுக்கு ஓட்டு கேட்கப் புறப்பட்டார் சவுந்தர்யா.

சுமார் 100 அடிதான் ஏறியிருக்கும். விமானம் தள்ளாடியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. பக்கத்து வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் போய் விழுந்து தீப்பிடித்தது. 4 பேரும் மாண்டார்கள்.

"படையப்பா"வில் ரஜினியை மணக்கும் அந்த அமைதியான முகத்தை, சினிமா போஸ்டருக்குப் பேர்போன சிவகாசியில் தெரியாதவர் யார்? 1993-ல் "பொன்னுமணி", 1997-ல் "அருணாசலம்" என்று வீட்டுப்பெண் மாதிரி பழகிப்போன முகம்.

இன்ஜின் அல்ல, இறக்கை!

கிளம்பிய குட்டி விமானம் உடனே சாய்ந்து விழுந்தது என்றால், விமானிகள் வாயில் முதலில் வரும் வார்த்தை "ஸ்டால்". "இன்ஜின் ஆப் ஆயிடுச்சா?" என்றுதான் யாரும் கேட்பார்கள். அது மோட்டார் சைக்கிள் கணக்கு. விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. இன்ஜின் நன்றாக ஓடும்போதே அது நடக்கும்.

ஓடுகிற பஸ்சில் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் காற்று கையைத் தூக்கும். (கண்டக்டர் பார்த்தால் திட்டுவார்!) கையை நிமிர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தூக்கல் போய், கை பின்னால் தள்ளப்படும். இறக்கையும் அப்படித்தான். காற்றுக்கு எதிராக 15 டிகிரி, கொஞ்சம் கூடக்குறைய நிமிர்ந்துவிட்டால், மேல்பக்கம் ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். அப்புறம் இறக்கை வெறும் தகடு.

சிவகாசி ராக்கெட் செங்குத்தாகப் பாய்கிறதே என்றால், அதைத் தள்ளுவது மருந்து. குட்டி விமானத்தைத் தாங்குவது இறக்கை. மெதுவாகப் போகும்போது மூக்கை ரொம்பத் தூக்கினாலும் ஆபத்து. சாய்ந்து திரும்பினால் இன்னும் ஆபத்து. 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்ப வேண்டுமானால், நேராகப் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். கிளம்பியதும் இன்ஜின் கோளாறு என்றால் தளத்துக்குத் திரும்பப் பார்க்காதே, எதிரே தெரிகிற இடத்தில் இறக்கு என்று மாணவ விமானிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்குவது இதனால்தான்.

வெயிலும் உயரமும் வேறு. பெங்களூர் இருப்பது கடல் மட்டத்துக்கு சுமார் 3 ஆயிரம் அடி மேலே. சூட்டில் காற்று லேசாகும். இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பிடிமானம் குறையும்.

ஸ்டாலுக்கு வைத்தியம் உண்டு. மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடித்தால் விமானம் மறுபடி பறக்கும். பயிற்சியில் வேண்டுமென்றே ஸ்டால் ஆக்கி மீட்கிறார்கள். ஆனால் அது ஆயிரக்கணக்கான அடி உயரத்தில். மீள்வதற்குள் 100, 200 அடி கீழே இறங்கிவிடும். 100 அடியில் பறக்கிறவனுக்கு அந்த 200 அடியை யார் தருவது?

அந்த ஆண்டு ஆகஸ்டில், சவுந்தர்யா இறந்து 4 மாதம் கழித்து, அவர் நடித்த கன்னடப் படம் "ஆப்தமித்ரா" வெளிவந்து சக்கைப்போடு போட்டது. 2005-ல் அதே கதை தமிழில் "சந்திரமுகி" ஆனது. சவுந்தர்யா செய்த கங்கா வேடத்தில் இங்கே ஜோதிகா.