சேகரிக்கும் பிள்ளைக்குப் பெருநாள் பரிசு: நாம் எதை விற்பது?

கடந்த நோன்புப் பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கையில், காத்தான்குடியில் உள்ள எனது கடைக்கு ஒரு சகோதரர் வந்தார். கட்டாரில் தொழில் செய்பவர், விடுமுறையில் வந்திருந்தார். "காக்கா, மருமகனுக்குப் பெருநாள் பரிசு ஒண்டு வேணும். பொக்கிமொன் கார்ட் சேர்க்கிறானாம். நல்லதாப் பாத்துத் தாங்க" என்றார். கொழும்பிலிருந்து வந்த புதிய சரக்கில், தங்க நிறத்தில் மினுங்கும் 55 கார்ட் கொண்ட பெட்டி ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். விலை அவருக்குப் பிடித்தது, லாபம் எனக்குப் பிடித்தது.

பெருநாள் கழிந்த மறுநாள் அந்தப் பிள்ளை பெட்டியோடு தனியாக வந்தான். பதின்மூன்று வயதிருக்கும். சண்டை பிடிக்கவில்லை. "மாமாக்குச் சொல்லாதீங்க, அவர் கவலப்படுவார். இது கொப்பி" என்றான். பிறகு தன்னிடமிருந்த ஒரிஜினல் கார்ட் ஒன்றை அருகில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினான். ஒரிஜினல் கார்ட் கடதாசி மட்டையில் அச்சடித்தது. மட்டையின் நடுவே மெல்லிய கறுப்புத் தாள் ஒன்று இருப்பதால், டோர்ச் வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒளி அதிகம் ஊடுருவாது. எழுத்துகள் கூர்மையாக இருக்கும், பின்பக்க நீல நிறம் எல்லாக் கார்டிலும் ஒன்றாகவே இருக்கும். நான் விற்றதோ தங்கப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக். இந்த வகைத் தங்கப் பெட்டிகள் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் போலிகள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, முப்பது வருடம் கல்லாவில் இருந்த எனக்குத் தெரியவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிப் பெட்டிகளை மொத்தக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அந்த நட்டம் என்னுடையது.

இது பிள்ளை விளையாட்டுத்தானே என்று எண்ணும் வர்த்தகச் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. 2001இல் சவூதி அரேபியா பொக்கிமொனைத் தடை செய்தது. அதே சவூதியின் அரச முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனம், பொக்கிமொன் கோ கைத்தொலைபேசி விளையாட்டை நடத்தும் வணிகத்தை 2025இல் 350 கோடி டொலருக்கு வாங்கியது. டிராகன் போல் கதைக்கென்றே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா ரியாத் அருகே கித்தியாவில் அமையும் என்று 2024இல் அறிவித்தார்கள். வளைகுடாவில் கப்டன் மாஜித் என்று அரபியில் பேசிய உதைபந்தாட்டக் கார்ட்டூனும் ஜப்பான் சரக்குத்தான். நமக்கும் ஜப்பான் புதிதல்ல. ரூபவாஹினியே 1982இல் ஜப்பான் அரசின் உதவியோடு வந்தது. அதில் ஒஷின் பார்த்துக் கண்ணீர் விட்ட உம்மாமார் இன்றும் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஜப்பான் கார்ட்டூன் படத்தை அனிமே என்றும், சித்திரக் கதைப் புத்தகத்தை மங்கா என்றும் இளைஞர்கள் சொல்கிறார்கள். இவற்றைச் சேர்ப்பவன் மற்ற வாடிக்கையாளரைப் போன்றவன் அல்ல. அவனுக்குத் தேவை தன்னிடம் இல்லாத அந்த ஒன்றுதான். ஆனால் பெருநாளுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் கடைக்கு வருபவர் அவன் அல்ல, அவனுடைய மாமாவோ, சாச்சாவோ, உம்மாவோதான். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நமக்கும் தெரியாவிட்டால் பரிசு வீண்தான்.

மங்கா வாங்க வந்தால் எந்தக் கதை, எத்தனையாம் பாகம் வரை இருக்கிறது என்று கேட்க வேண்டும். டிராகன் போல் 42 பாகம், நருட்டோ 72 பாகம். வன் பீஸ் 1997இல் தொடங்கி நூறு பாகத்தைத் தாண்டியும் முடியவில்லை. பத்தாம் பாகம் வைத்திருப்பவனுக்கு மீண்டும் பத்தைக் கொடுத்தால் அவன் முகத்தைப் பாருங்கள். புத்தகம் வலமிருந்து இடமாகத் திறப்பதைப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்று திருப்பிக் கொண்டு வருவோரும் உண்டு. குர்ஆனை வலமிருந்து ஓதும் நமக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை.

கேம் விடயத்தில் நட்டம் இன்னும் பெரிது. பிளேஸ்டேசன் 5 இரண்டு வகையாக வந்தது. ஒன்றில் டிஸ்க் போடலாம், மற்றதில் டிஸ்க் போடும் வாயே இல்லை. வீட்டில் இருப்பது எது என்று கேட்காமல் டிஸ்க் விற்காதீர்கள். துபாயில் வாங்கிய கிஃப்ட் கார்ட், அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். பட டிஸ்க்குகளுக்கும் வலய எண் உண்டு. அமெரிக்காவுக்கென்று அடித்த டிவிடி இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம்.

உருவப் பொம்மைகள் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டில் உருவம் வைக்க விரும்பாத பெற்றோர் எம்மிடையே பலர். ஆதலால் வாங்குபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. விற்பவர் போலியை ஒரிஜினல் அலுமாரியில் கலந்து வைக்கக் கூடாது. கொப்பி என்றால் கொப்பி என்று எழுதி, அந்த விலைக்கு வையுங்கள். சின்னப் பிள்ளைகள் சந்தோசமாக வாங்குவார்கள்.

இனி என் கணக்கில் லாபமான வழி. பொருளைத் தெரியாவிட்டால், பொருளைப் பாதுகாப்பதை விற்கலாம். கார்ட்டுக்கு உறையும் ஆல்பமும், புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் மேலுறை, காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். எந்தக் கதை சேர்ப்பவனுக்கும் இவை தேவை, பெஷன் மாறினாலும் தேங்காது. நாம் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில். கார்த்திகை, மார்கழி மழையில் கடதாசி பூஞ்சணம் பிடிக்கும், கார்ட் வளையும். மீன் தொட்டி செய்யும் நம்மூர்க் கண்ணாடிக்காரரிடம் சொன்னால் காட்சிப் பெட்டியும் செய்து தருவார். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பட்ட பாட்டை நினைத்தால், உள்ளூரில் செய்யக்கூடிய சரக்கு ஒன்று கடையில் இருப்பது நிம்மதி.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து கொமிக்ஸை நானும் சிறு வயதில் சேர்த்தேன். முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அந்தப் பழைய இதழ்களுக்கு இன்று தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். என்னுடையவை ஒரு மட்டைப் பெட்டியில் கட்டிலுக்குக் கீழே இருந்தன. 2011 ஜனவரி வெள்ளத்தில் ஊறிப் பாண் மாதிரி ஆகிவிட்டன.

அந்தப் பிள்ளை இப்போது வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வருவான். புதிய சரக்கு வந்தால் டோர்ச்சை எடுத்துப் பார்த்துச் சொல்வான். கூலி வேண்டாம் என்கிறான், பழைய கார்ட் உறை ஒரு கட்டுக் கொடுத்தால் போதுமாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவனும் கூட்டாளிமாரும் கேட்டது பத்து ஆல்பம். ஆறு வந்திருக்கிறது, மீதிக்குச் சொல்லியிருக்கிறேன்.